கையிலா, அலமாரியிலா? பதிவேற்றும் கோப்பு போய்ச் சேரும் இடம்

எமிஸ் தளத்தில் மாணவர் விவரங்களை ஏற்றுகிறோம். போட்டிகளுக்கு மாணவர் வரைந்த ஓவியங்களைப் படமெடுத்து அனுப்புகிறோம். நம்மிடம் படித்துச் சென்ற பிள்ளைகள் தேர்வாணைய விண்ணப்பம் நிரப்பும்போது, படம் 20 முதல் 50 கே.பி.க்குள், கையெழுத்து 10 முதல் 20 கே.பி.க்குள் இருக்க வேண்டும் என்ற வரியைப் பார்த்துவிட்டு நம்மிடம் உதவி கேட்டு வருகிறார்கள். "ஏன் இவ்வளவு சின்னதாகக் கேட்கிறார்கள்? என் போனில் எடுத்த படம் 4 எம்.பி. இருக்கிறதே" என்று அவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது. அதற்கான விடை, நாம் 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்திய பிறகு மறுமுனையில் இருக்கும் கணினிக்கு என்ன நேர்கிறது என்பதில் இருக்கிறது.

மறுமுனையில் இருப்பது சர்வர் எனப்படும் சேவையகம். வந்து சேரும் கோப்பை அது எங்காவது வைத்தாக வேண்டும். வைப்பதற்கு அதனிடம் இரண்டு இடங்களே உண்டு. ஒன்று நினைவகம், மற்றொன்று வட்டு. இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது சேவையகத்துக்கு நிரல் எழுதுபவர் எடுக்கும் முடிவு. மேல்நிலை வகுப்பில் கணினிப் பயன்பாடுகள் நடத்துபவர்களுக்கும், பள்ளி ஆய்வகத்தில் மாணவர்களின் செயல்திட்டங்களைச் சேகரிக்க ஒரு சிறு வலைப்பக்கம் அமைக்க நினைப்பவர்களுக்கும் இது நேரடியாகத் தேவைப்படும். மற்ற ஆசிரியர்களுக்கும் இதில் பயன் உண்டு. எண்கணிதத்தையும் அளவுகளையும் உயிருள்ள ஒரு சிக்கலோடு கற்பிக்க நல்ல பொருள் இது.

கோப்பு வரும் வழி

வலைப்பக்கங்கள் தோன்றிய தொடக்க ஆண்டுகளில் படிவங்கள் வழியாக எழுத்துகளை மட்டுமே அனுப்ப முடிந்தது. 1995 நவம்பரில் செராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நெபல், மாசின்டர் என்ற இருவர், படிவத்தோடு கோப்பையும் சேர்த்து அனுப்பும் முறையை ஓர் இணைய ஆவணமாக வெளியிட்டார்கள். 'மல்டிபார்ட் ஃபார்ம் டேட்டா' என்று நாம் எச்.டி.எம்.எல். படிவத்தில் குறிப்பிடுவது அந்த முறையைத்தான். படிவத்தில் அதைக் குறிப்பிட மறந்துவிட்டால் கோப்பின் பெயர் மட்டும் போகும், கோப்பு போகாது. மாணவர்கள் செய்முறையில் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது.

இந்த முறையில் படிவத்தின் விடைகளும் கோப்புகளும் ஒரே நீண்ட சரமாகக் கோக்கப்படுகின்றன. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குவதைக் காட்ட இடையிடையே ஓர் எல்லைக்கோடு இருக்கும். சரம் முழுவதும் ஒரே நொடியில் வந்து இறங்குவதில்லை. சிறு சிறு துண்டுகளாகத்தான் வருகிறது. 4 எம்.பி. படம் ஒன்று ஆயிரக்கணக்கான துண்டுகளாக வருகிறது. கடைசித் துண்டு வரும்வரை முன்பு வந்த துண்டுகளை எங்கே வைத்துக் காத்திருப்பது? நம் கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

கையில் வைத்திருப்பதும் சீட்டு வாங்குவதும்

எங்கள் திருத்தணி மலைக்கோயிலுக்குப் படியேறி வருபவர்களைப் பாருங்கள். அர்ச்சனைத் தட்டைக் கையிலேயே வைத்திருப்பார்கள். சன்னிதி வரை கொண்டுபோய்க் கொடுத்தால் அதன் வேலை முடிந்தது. செருப்பை அப்படிக் கையில் தூக்கிக்கொண்டு போவதில்லை. அதை ஒரு கடையில் விட்டுவிட்டு, எண் போட்ட சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். திரும்பி வரும்போது சீட்டைக் காட்டினால் செருப்பு கிடைக்கும்.

நினைவகத்தில் கோப்பை வைப்பது தட்டைக் கையில் வைத்திருப்பது போன்றது. கோப்பின் முழு உள்ளடக்கமும் நிரலின் கையிலேயே இருக்கிறது. உடனே திறந்து பார்க்கலாம், சுருக்கலாம், வேறிடம் அனுப்பலாம். ஆனால் கை இரண்டுதான். வட்டில் வைப்பது செருப்பைக் கடையில் விடுவது போன்றது. நிரலிடம் இருப்பது கோப்பு அல்ல, அது இருக்கும் இடத்தைச் சொல்லும் ஒரு சீட்டு மட்டுமே. கோப்பு 2 எம்.பி. ஆனாலும் 200 எம்.பி. ஆனாலும் சீட்டின் கனம் ஒன்றுதான்.

இன்னொரு வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. மின்சாரம் நின்றாலோ நிரல் செயலிழந்தாலோ நினைவகத்தில் இருந்தது போய்விடும். வட்டில் எழுதி முடித்தது இருக்கும். வட்டில் எழுதச் சொன்ன தரவையும் இயங்குதளம் சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருந்துதான் எழுதும் என்பதால், கடைசிச் சில நொடிகளில் வந்தது மட்டும் இழப்புக்கு உள்ளாகலாம். ஆய்வகக் கணினிக்கு யு.பி.எஸ். தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நினைவகம்தானே வேகம்?

"நினைவகம் வட்டைவிடப் பல மடங்கு வேகமானது. அப்படியிருக்க வட்டை எதற்கு நாட வேண்டும்?" என்று நன்றாகப் படிக்கும் மாணவர் கேட்பார். பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் நினைவகப் படிநிலையைப் படித்தவர் அப்படிக் கேட்பதுதான் முறை. அவர் சொல்வது உண்மை. ஆனால் இந்த இடத்தில் அந்த வேகம் பெரிதாக உதவுவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். நொடிக்கு 1 மெகாபிட் வேகமுள்ள கைப்பேசி இணைப்பில் 5 எம்.பி. படம் ஒன்றை அனுப்பினால், 40 மெகாபிட்டுக்கு 40 நொடி ஆகும். சுழலும் வகையைச் சேர்ந்த சாதாரண வட்டு ஒன்று தொடர்ச்சியாக எழுதும்போது நொடிக்கு ஏறத்தாழ 100 எம்.பி. எழுதும். அந்தப் படத்தை எழுத அதற்கு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். 40 நொடி காத்திருந்து வந்த கோப்புக்கு இது ஒரு தாமதமே அல்ல. ஆய்வகத்துக்குள் நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் இயங்கும் கம்பி இணைப்பு இருந்தாலும் நொடிக்கு 12.5 எம்.பி.தான் வரும். அதையும் வட்டு எளிதாகத் தாங்கும். குழாயில் சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீருக்கு, குடத்தின் வாய் எவ்வளவு அகலம் என்பது பொருட்டில்லை.

எனவே தேர்வு செய்யும்போது வேகத்தைவிட இடம்தான் முக்கியம். குறிப்பாக, ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகள் கையில் இருக்கும் என்பது.

ஆடிக் கிருத்திகை நாளுக்கான கணக்கு

சாதாரணச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை வைத்து ஆடிக் கிருத்திகைக்கு ஏற்பாடு செய்ய முடியாது. லட்சக்கணக்கில் காவடியோடு வருபவர்களை மனத்தில் வைத்தே திருத்தணியில் தடுப்புகளும் பேருந்துகளும் திட்டமிடப்படுகின்றன. சேவையகத்துக்கும் அப்படித்தான். வருடத்தின் சராசரி நாளில் அது ஒருபோதும் திணறாது. கடைசித் தேதி மாலை நான்கு மணிக்குத்தான் திணறும்.

ஓர் ஆய்வகக் கணினியில் 4 ஜி.பி. நினைவகம் இருப்பதாகக் கொள்வோம். இயங்குதளம், தரவுத்தளம், திறந்து வைத்திருக்கும் உலாவி எல்லாம் 2.5 ஜி.பி. எடுத்துக்கொண்டால் மீதி 1.5 ஜி.பி., அதாவது ஏறத்தாழ 1,500 எம்.பி. ஒரு வகுப்பில் 40 மாணவர்கள் ஒரே பாடவேளையில் 5 எம்.பி. படத்தை ஆளுக்கொன்றாக ஏற்றினால் 200 எம்.பி. நினைவகத்திலேயே வைத்தாலும் சமாளிக்கலாம். அதே 40 பேரும் அறிவியல் செயல்திட்டத்தின் காணொலியை ஆளுக்கு 60 எம்.பி. என்று ஏற்றினால் 2,400 எம்.பி. கை கொள்ளாது. அதிலும், வந்த துண்டுகளை ஒட்டி ஒரே கோப்பாக்கும் தருணத்தில் துண்டுகளும் ஒட்டிய கோப்பும் சேர்ந்தே நினைவகத்தில் இருக்கக்கூடும். அப்போது தேவை இரட்டிப்பாகும். பாதுகாப்பாகக் கணக்கிட வேண்டுமானால் இரண்டால் பெருக்கிக்கொள்வது நல்லது.

மெதுவான இணைப்பு இந்தக் கணக்கை இன்னும் கடுமையாக்குகிறது. ஒரு தளத்துக்கு நொடிக்கு 3 படங்கள் வீதம் வரத் தொடங்குகின்றன, ஒவ்வொன்றும் 5 எம்.பி. என்று வைத்துக்கொள்வோம். எல்லாரிடமும் நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பு இருந்தால் ஒவ்வொரு படமும் 4 நொடியில் முடிந்துவிடும். எந்த நேரத்திலும் பாதி வழியில் இருப்பவை 3 x 4 = 12 படங்கள்தான். இணைப்பு நொடிக்கு 1 மெகாபிட் என்றால் 40 நொடி ஆகும். அப்போது பாதி வழியில் இருப்பவை 3 x 40 = 120 படங்கள். முதலாவதற்கு அதிகபட்சம் 60 எம்.பி. போதும், இரண்டாவதற்கு 600 எம்.பி. வேண்டும். வந்த படங்களின் எண்ணிக்கையில் மாற்றமில்லை. அனுப்புபவரின் இணைப்பு மெதுவாக இருப்பதே சேவையகத்தின் நினைவகத்தை நிரப்புகிறது. மலையோர ஊர்களிலிருந்தும் தொலைவான குக்கிராமங்களிலிருந்தும் ஆசிரியர்கள் ஒரே நாளில் ஏற்றும் தளம் எதுவானாலும் இந்த விதி பொருந்தும்.

நினைவகம் நிரம்பினால் என்ன ஆகும்? முதலில் இயங்குதளம் நினைவகத்தில் இருப்பவற்றில் சிலவற்றை வட்டுக்கு நகர்த்தி இடம் தேடும். வேகத்துக்காக நினைவகத்தைத் தேர்ந்தெடுத்தோம், இப்போது சுற்றுவழியாக வட்டுக்கே போகிறோம். கணினி முழுவதும் தவழத் தொடங்கும். அதற்கும் மேலே போனால், லினக்ஸ் போன்ற இயங்குதளம் நினைவகத்தை அதிகம் பிடித்திருக்கும் நிரலை நிறுத்திவிடும். அந்த நிரல் நம் சேவையகமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது பெரிய காணொலி ஏற்றியவர் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. அந்த நொடியில் 30 கே.பி. படம் ஏற்றிக்கொண்டிருந்தவரும், அரைமணி நேரமாகப் படிவம் நிரப்பி அனுப்பியவரும் சேர்ந்தே இழக்கிறார்கள். ஒருவர் ஏற்றும் கோப்பு மற்றவர் வேலையைக் கெடுக்கக் கூடாது என்பதுதான் இந்தத் தேர்வில் நாம் காக்க வேண்டியது.

தேர்வு விண்ணப்பங்கள் 50 கே.பி. என்று வரம்பு போடுவதன் பொருள் இப்போது விளங்கும். 4 எம்.பி. படம் ஒன்று பிடிக்கும் இடத்தில் 50 கே.பி. படங்கள் ஏறத்தாழ 80 அடங்கும். பல லட்சம் பேர் விண்ணப்பிக்கும் இடத்தில், வரும்போதும் சேமிக்கும்போதும் திரும்ப எடுக்கும்போதும் அந்த வேறுபாடு பெருகிக்கொண்டே போகிறது.

கையிலேயே வைத்துக்கொள்ளத் தகுந்தவை

அப்படியானால் எப்போதும் வட்டுதானா? இல்லை. அர்ச்சனைத் தட்டுக்குச் சீட்டு வாங்குவது வீண் வேலை. மூன்று நிலைகளில் நினைவகம் நன்கு பொருந்தும்.

முதலாவது, கோப்பு சிறியது, அதன் உச்ச அளவை நாமே கட்டுப்படுத்தியிருக்கிறோம், வந்தவுடன் வேலை முடிந்துவிடும் என்ற நிலை. மதிப்பெண் பட்டியல் ஒன்றை ஏற்றுகிறோம். நிரல் அதை வரிவரியாகப் படித்துத் தரவுத்தளத்தில் பதிந்துவிட்டால், அந்தக் கோப்பு பிறகு தேவையில்லை. வட்டில் எழுதி, மறுபடி படித்து, பிறகு அழிக்கும் வேலை மிச்சம்.

இரண்டாவது, வந்த கோப்பை அப்படியே வேறொரு சேமிப்பகத்துக்கு அனுப்பும் நிலை. மேகக் கணினிச் சேவைகளில் இது வழக்கம். அங்கும் கோப்பு பெரியதென்றால் முழுவதையும் கையில் சேர்க்காமல், ஒரு துண்டு வந்ததும் அதை அனுப்பிவிட்டு அடுத்ததை வாங்கும் ஓடை முறை சிறந்தது. வரிசையில் நின்று செங்கல் கைமாற்றுவது போல. எந்த நேரத்திலும் ஒருவர் கையில் ஒரு கல்தான் இருக்கும்.

மூன்றாவது, நம் நிரல் இயங்கும் இடத்தில் நிலையான வட்டு இல்லாத நிலை. சில வாடகைச் சேவையகங்களில் வட்டில் எழுதியது நிரலை மறுபடி தொடங்கும்போது மறைந்துவிடும். அங்கே எழுதி வைத்துவிட்டோம் என்று நம்பியிருப்பது ஆபத்து. அதேபோல் சில லினக்ஸ் கணினிகளில் தற்காலிகக் கோப்புறையே நினைவகத்தில்தான் அமைக்கப்பட்டிருக்கும். பெயர் கோப்புறை என்றாலும் இருப்பது கையில்தான். அமைப்பவர் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவிகள் எடுத்திருக்கும் முடிவு

இந்தச் சிக்கலைப் பல நிரல்மொழிகளும் கருவிகளும் வெவ்வேறு வகையில் தீர்த்திருக்கின்றன. அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்ல பாடம்.

பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகளில் நாம் நடத்தும் பி.எச்.பி. மொழி, வட்டையே தேர்ந்தெடுத்திருக்கிறது. கோப்பு வரும்போதே அது ஒரு தற்காலிகக் கோப்புறையில் எழுதப்படுகிறது. முழுவதும் வந்த பிறகுதான் நம் நிரல் தொடங்குகிறது. நம் கைக்குக் கிடைப்பது தற்காலிகப் பெயர், அதாவது சீட்டு. 'மூவ் அப்லோடட் ஃபைல்' என்ற கட்டளையால் அதை உரிய இடத்துக்கு மாற்றாவிட்டால், நிரல் முடியும்போது அந்தக் கோப்பு தானாக அழிந்துவிடும். ஒரு கோப்புக்கு 2 எம்.பி., படிவம் முழுவதற்கும் 8 எம்.பி. என்பது பி.எச்.பி.யின் இயல்பு வரம்பு. தேவைக்கேற்ப அமைப்புக் கோப்பில் மாற்றலாம். படிவத்தின் மொத்த வரம்பைத் தாண்டினால் கோப்போடு சேர்ந்து மற்ற விடைகளும் நிரலுக்கு வெறுமையாகவே வரும். "எல்லாம் நிரப்பினேன், ஒன்றுமே வரவில்லை" என்று மாணவர் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ நடுவழியில் போகிறது. 2.5 எம்.பி.க்குக் குறைவான கோப்பை நினைவகத்திலும், அதைவிடப் பெரியதை வட்டில் தற்காலிகக் கோப்பாகவும் வைக்கிறது. தட்டு கையில், செருப்பு கடையில் என்று இயல்பாகப் பிரித்துவிடுகிறது.

நோட் ஜேஎஸ் சூழலில் பலரும் பயன்படுத்தும் மல்ட்டர் என்ற கருவி, வட்டுச் சேமிப்பு, நினைவகச் சேமிப்பு என்று இரண்டையும் தந்து தேர்வை நம்மிடமே விடுகிறது. மிகப் பெரிய கோப்புகளோ, சிறியவை பெரும் எண்ணிக்கையில் வேகமாகவோ வந்தால் நினைவகச் சேமிப்பில் நிரல் இடமின்றி நின்றுவிடலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் வாயிற்காவலராக நிற்கும் என்ஜின்எக்ஸ் போன்ற சேவையக மென்பொருளுக்கும் தனி வரம்பு உண்டு. அதன் இயல்பு வரம்பு 1 எம்.பி. அதைத் தாண்டினால் 413 என்ற பிழை எண்ணோடு கோப்பைத் திருப்பிவிடும். நிரலில் வரம்பை உயர்த்தியும் கோப்பு ஏறவில்லை என்றால் வாசலில் பாருங்கள்.

வட்டில் வைத்தால் சேர்ந்து வரும் கடமைகள்

வட்டைத் தேர்ந்தெடுத்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. கடை நடத்துபவருக்குச் சில பொறுப்புகள் உண்டு.

ஒன்று, பெயர். ஒரே மாதிரிச் செருப்பு நூறு ஜோடி வந்தாலும் சீட்டு எண் ஒன்றுபோல் இருக்காது. ஆனால் மாணவர் தரும் கோப்புப் பெயர் அப்படியல்ல. வகுப்பில் பத்துப் பேர் 'புராஜெக்ட்' என்றே பெயரிட்டிருப்பார்கள். வந்த பெயரிலேயே சேமித்தால் கடைசியாக வந்தவர் முன்னவரின் கோப்பின் மேல் எழுதிவிடுவார். ஒரு பிள்ளையின் ஒரு வார உழைப்பு சத்தமில்லாமல் போய்விடும். சேவையகமே தனி எண் ஒன்றைப் பெயராக வைத்து, மாணவர் தந்த பெயரைத் தரவுத்தளத்தில் குறித்துக்கொள்வதே சரி. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்த பகுதி எங்களுடையது. தெலுங்கு பேசும் பிள்ளைகள் இங்கே நிறைய. தமிழிலும் தெலுங்கிலும் கோப்புப் பெயர்கள் வரும். யு.டி.எஃப்.8 முறையில் இவ்விரு மொழிகளின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். 'திருத்தணி' என்ற சொல் 9 குறியீடுகளால் ஆனது, ஆகவே 27 பைட். லினக்ஸில் பரவலாக உள்ள கோப்பு முறைகளில் ஒரு பெயருக்கு 255 பைட் மட்டுமே இடம். நீண்ட தமிழ்த் தலைப்பு அதை எளிதில் தாண்டிவிடும். எண்ணையே பெயராக வைத்தால் இந்தச் சிக்கலும் இல்லை.

இரண்டு, இடம். வட்டும் ஒருநாள் நிரம்பும். 40 மாணவர், ஆளுக்கு 60 எம்.பி., ஆண்டுக்கு 10 செயல்திட்டம் என்றால் ஒரு வகுப்புக்கே 24 ஜி.பி. ஆகிறது. எவ்வளவு நாள் வைப்பது, எப்போது அழிப்பது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

மூன்று, உள்ளே என்ன இருக்கிறது என்ற சோதனை. படம் என்ற பெயரில் நிரல் ஒன்றை அனுப்பி, அது வலைப்பக்கக் கோப்புறையிலேயே சேமிக்கப்பட்டால், வெளியாள் அதை இயக்கிவிட முடியும். பதிவேறிய கோப்புகளை உலாவியால் நேரடியாக எட்ட முடியாத கோப்புறையில் வைக்க வேண்டும். கோப்பின் பெயரில் உள்ள பின்னொட்டை மட்டும் நம்பாமல் உள்ளடக்கத்தின் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். பி.டி.எஃப். கோப்பு ஒன்றைச் சாதாரண எழுத்துத் தொகுப்பானில் திறந்தால், முதலில் விழுக்காட்டுக் குறியும் அடுத்து பி, டி, எஃப் என்ற ஆங்கில எழுத்துகளும் தெரியும். மாணவர்கள் இதைப் பார்த்ததும் வியப்பார்கள்.

நான்கு, யாரும் கேட்டு வராத செருப்புகள். பாதியில் இணைப்பு அறுந்த கோப்புகளும், நிரல் நகர்த்த மறந்த கோப்புகளும் வட்டின் ஒரு மூலையில் தங்கிவிடலாம். அவை ஓவியமாக இருந்தால் இடம் மட்டும்தான் வீண். சாதிச் சான்றிதழாகவோ ஆதார் நகலாகவோ மருத்துவச் சான்றாகவோ இருந்தால் அது ஒரு குழந்தையின் அந்தரங்கம். 2023ஆம் ஆண்டின் இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என வரையறுத்து, அவர்கள் தரவுக்குத் தனிக் கவனம் கோருகிறது. நம் வகுப்பில் உள்ளவர்களில் ஏறக்குறைய அனைவரும் அந்த வரையறைக்குள் வருகிறார்கள். தற்காலிகக் கோப்புறையைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் துடைக்கும் பழக்கம் அலுவலக ஒழுங்குக்கு மட்டுமல்ல, குழந்தைப் பாதுகாப்புக்கும் உரியது. இத்தகைய சான்றுகளைப் பள்ளியில் நாமே அமைக்கும் சோதனைப் பக்கங்களில் ஏற்றச் சொல்லாமல் இருப்பது இன்னும் நல்லது.

வகுப்பறையில் செய்து பார்க்க

தொடக்க வகுப்புகளுக்கு ஒரு விளையாட்டு. ஒரு மாணவர் சேவையகமாக நடுவில் நிற்கட்டும். மற்றவர்கள் சிறிது இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக ஒரு நோட்டைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒன்று முதல் இருபது வரை எண்ண வேண்டும். எண்ணி முடித்ததும் நோட்டை வாங்கிக்கொண்டு போகலாம். முதல் சுற்றில் வேகமாக எண்ணச் சொல்லுங்கள். கையில் இரண்டு மூன்று நோட்டுகளே இருக்கும். இரண்டாம் சுற்றில் மிக மெதுவாக எண்ணச் சொல்லுங்கள். நோட்டுகள் குவிந்து சரியும். மூன்றாம் சுற்றில் பக்கத்தில் ஒரு மேசையும் எண் எழுதிய சீட்டுகளும் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு மெதுவாக எண்ணினாலும் சேவையகம் நிமிர்ந்தே நிற்கும். ஏன் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் கணித ஆசிரியர்கள் மேலே உள்ள கணக்குகளை எண்களை மாற்றித் தரலாம். பிட், பைட் வேறுபாடு, அலகு மாற்றம், நேர் விகிதம், எதிர் விகிதம் எல்லாம் இதில் வந்துவிடும். இணைப்பு வேகம் பாதியானால் பாதி வழியில் இருக்கும் கோப்புகள் எத்தனை மடங்காகும் என்று கேளுங்கள்.

மேல்நிலை வகுப்பில் பி.எச்.பி. செய்முறையின்போது ஒரு சோதனை. கோப்பைப் பெறும் நிரலில் நகர்த்தும் கட்டளையை எழுதாமல், 'ஸ்லீப்' கட்டளையால் 60 நொடி நிறுத்தி வையுங்கள். கோப்பை ஏற்றிவிட்டுத் தற்காலிகக் கோப்புறையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். புரியாத பெயரோடு ஒரு புதிய கோப்பு இருக்கும். 60 நொடி முடிந்ததும் அது மறையும். பாடநூலில் ஒரு வரியாக இருக்கும் செய்தி கண்ணெதிரே நடக்கும்போது மாணவர் மறப்பதில்லை.

முடிவெடுக்க நான்கு கேள்விகள்

பதிவேற்றப் பக்கம் அமைக்கும் எவரும் இந்த நான்கையும் கேட்டுக்கொண்டால் போதும். வரக்கூடிய கோப்பின் உச்ச அளவு என்ன? நெரிசலான நேரத்தில் ஒரே சமயம் எத்தனை வரும்? இரண்டையும் பெருக்கி, அதையும் இரட்டித்தால் வரும் அளவு, மீதமிருக்கும் நினைவகத்துக்குள் தாராளமாக அடங்குமா? வந்தவுடன் கோப்பின் வேலை முடிந்துவிடுமா, பிறகும் வேண்டுமா?

அளவு சிறியது, எண்ணிக்கை தெரிந்தது, வேலை உடனே முடிவது என்றால் நினைவகத்தில் வைக்கலாம். இவற்றில் ஒன்றுக்கு உறுதியான விடை இல்லையென்றாலும் வட்டில் வைத்து, தனி எண்ணைப் பெயராக்கி, தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் அளவு வரம்பு ஒன்றைப் போட்டு, அதைப் பக்கத்திலேயே தமிழில் தெளிவாக எழுதிவிடுவது நல்லது. மெதுவான இணைப்பில் 40 நொடி காத்திருந்த பிறகு 'ஏற்கப்படவில்லை' என்று சொல்வதைவிட, ஏற்றும் முன்பே சொல்லிவிடுவது அனுப்புபவருக்கு நாம் தரும் மரியாதை.